டோக்கனுக்கு ஒரு டிக்

யார்டில் கண்டெய்னர் எண்ணக் கொடுத்த கவுண்ட்டர் இது.
உள்ளங்கைக்குள் அடங்கும். நாலு இலக்கம்.
கட்டைவிரலால் அமுக்கினால் டிக்.
எண்ணூர் சாலையில் ட்ரெய்லர்கள்
ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நிற்கும் இரவுகளில்
வண்டிக்கு ஒரு டிக்.
ஷிஃப்ட் முடிந்தால் ஒப்படைக்க வேண்டும்.
நான் ஒப்படைப்பதில்லை.

வீட்டில் அது டோக்கனுக்கு.
தண்டையார்பேட்டை ரேஷன் கடை வரிசையில்
என் பைக்குள் ஏறி உட்கார்ந்தவள்.
அன்றைக்குப் பாமாயில் இல்லை,
இவள் இருந்தாள்.

முதல் வாரம் ஒன்றும் சொல்லித் தரவில்லை.
டிக், ஒரு துணுக்கு நெத்திலி.
டிக், ஒரு துணுக்கு.
காசிமேட்டில் செலஸ்டின் அக்காவிடம் வாங்கிய கருவாடு,
மூன்று தண்ணீரில் உப்பை அலசி
கத்தரிக்கோலால் அரிசியளவு நறுக்கியது.
சத்தம் வந்தால் சாப்பாடு வரும்;
இதை நம்புவதற்கே அவளுக்கு ஏழு நாள்.

பிறகு குச்சி.
முனையில் சிவப்பு நெயில்பாலிஷ்.
மூக்கு முனையைத் தொடும் அந்த நொடியில் டிக்.
கொஞ்சம் பிந்தினேன் ஒருநாள்.
தொட்டதற்கு இல்லாமல்
அதன்பின் விட்ட கொட்டாவிக்குப் போய்விட்டது கூலி.
இரண்டு நாள், என்னைப் பார்க்கும்போதெல்லாம்
வாயை அகலத் திறந்து
கொட்டாவியாக விட்டுத் தள்ளினாள்.

எதிர்வீட்டு ஹசீனா கதவில் சாய்ந்து கேட்டாள்:
"இன்னாமா, பூனைக்கு ட்யூசனா?
எம்பையனயும் சேத்துக்க,
அவனுக்கும் கருவாடுன்னா உசுரு."

அதட்டக் கூடாது.
முதுகை அமுக்கி உட்காரவைக்கக் கூடாது.
அவளாக உட்காரும்வரை காத்திருக்க வேண்டும்.
கரண்ட் போன ஒரு ராத்திரி முழுக்கக் காத்திருந்தேன்,
வியர்வையில், கொசுவில்.
உட்காரவில்லை.
மறுநாள் நான் பல் தேய்க்கும்போது உட்கார்ந்தாள்.
வாயில் நுரையோடு கவுண்ட்டரைத் தேடி ஓடினேன்.

இப்போது கை கொடுக்கிறாள்.
பிளாஸ்டிக் பக்கெட்டை ஒரு சுற்று சுற்றி வருகிறாள்.
மீட்டர் பார்க்க வந்தவர் பேனாவைச் சொடுக்கியதும்
பரணிலிருந்து குதித்து, உட்கார்ந்து, கையை நீட்டினாள்.
அவர் சட்டைப் பை, பேன்ட் பை எல்லாம் துழாவி
அரை பிஸ்கட் கண்டுபிடித்துக் கொடுத்தார்.
சொடுக்கியவர் தர வேண்டும், அதுதான் முறை.
கை தவறி அமுக்கினாலும் கடன் கடன்தான்.
குழம்பு இறக்கும்போது ஒருமுறை
கவுண்ட்டர் தரையில் விழுந்து தானாக அடித்தது.
அடுப்பை அணைத்துவிட்டு டப்பாவைத் திறந்தேன்.

ஒருநாள் பூஜ்யமாக்க மறந்து
அப்படியே எண்ணைச் சொல்லிவிட்டேன் யார்டில்.
பதினான்கு பெட்டி கூடுதல்.
இரண்டு மணி நேரம் தேடினார்கள்.

எங்களுக்குச் சம்பளம் வந்து இரண்டு மாதம் ஆகிறது.
"மேலருந்து பில் பாசாவல" என்கிறான் கான்ட்ராக்டர்.
நேற்று இரவு இருநூற்றுப் பதினாறு டிக்.
நடுவில் எப்போதோ கவனித்தேன்:
வலது கை அமுக்க அமுக்க
இடது கை தானாகப் பைக்குள் போகிறது,
கருவாட்டு வாசம் மட்டும் உள்ள பை.
டோக்கன் என்றால் மூன்றாவது வண்டியிலேயே எழுந்து போய்
கிரேன் நிழலில் காலை நக்கிக்கொண்டிருப்பாள்.
நான் இருநூற்றுப் பதினேழாவதுக்கும் அமுக்கினேன்.

விடிந்து வந்து
செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்திருக்கிறேன்.
ஜன்னலில் மணலிக் காற்று, அதன் கெட்ட முட்டை நாற்றம்.
கவுண்ட்டர் தரையில் கிடக்கிறது.
டோக்கன் வந்தாள். மோந்தாள்.
முன்னங்காலை அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

டிக்.

என்னையே பார்க்கிறாள்.

எதற்கென்று புரியவில்லை.
சாய்ந்ததற்கா, மூச்சு விட்டதற்கா,
நாற்றத்துக்கு ஜன்னலைச் சாத்தாமல் விட்டதற்கா.
இப்போதுதான் எதையோ சரியாகச் செய்திருக்கிறேன்.
அது என்னவென்று தெரியாததால்
எல்லாவற்றையும், வரிசை மாறாமல்,
மறுபடி செய்து பார்க்கிறேன்.